மூன்றாவது மெஷினின் கதவு

அத்தியாயம் 6

"தப்பு என்னுதுதாங்க. எத்தனை தடவை சொல்றது" என்றார் பொரிப்பகத்துக்காரர்.

சைலன்சருக்கு இது புதுசாக இருந்தது. துப்பறியும் அலுவலகத்தில் சேர்ந்த நாள் முதல் அவன் பார்த்தவர்கள் எல்லாரும் 'நான் இல்லை' கட்சி. கையில் திருட்டுப் பொருளை வைத்துக்கொண்டே சத்தியம் செய்தவர்கள் உண்டு. இந்த மனிதரோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவர் சில்லறை கேட்பதைப் போல, குற்றத்தைத் தன் பேரில் எழுதிக்கொள்ளும்படி அவசரப்படுத்தினார்.

மோட்டார் மெக்கானிக்காக இருந்தபோது வாய் ஓயாமல் பேசியதற்காகக் கேலியாக ஒட்டிக்கொண்ட பெயர்தான் சைலன்சர். அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறவர், பல வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் சேதத்தை மதிப்பிட்டவர். ஊருக்கு அவர் இன்ஸ்பெக்டரம்மா, சைலன்சருக்கு அக்கா. அதிகம் பேசமாட்டார். அந்தக் குறையை அவன் தீர்த்து வைத்தான்.

நடந்தது இவ்வளவுதான். போன வாரப் புயலில் கம்பி அறுந்து இரவு முழுக்க மின்சாரம் இல்லை. கோழிக்குஞ்சு பொரிப்பகத்தின் மூன்று மெஷின்களிலும் அடைகாத்துக்கொண்டிருந்த முட்டை அத்தனையும் குளிர்ந்து செத்துப்போனது. தொழிலுக்குப் பணம் போட்டது ஊரிலுள்ள வட்டியில்லா நிதி நிலையம். ஜெனரேட்டரைப் போடாமல் தூங்கிவிட்டேன், என் அஜாக்கிரதைதான், வீட்டையும் மெஷின்களையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இவரே போய்ச் சொல்லியிருக்கிறார். நிதி நிலையத்தின் நிர்வாகக் குழு நாளைக் காலை கூடி முடிவெடுக்கும். அதற்குள் உண்மையைச் சொல்ல வேண்டியது இன்ஸ்பெக்டரம்மாவின் வேலை.

கேள்விகளுக்கெல்லாம் அவரிடம் பதில் தயாராக இருந்தது. ஜலதோஷத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தாராம். விடிந்த பிறகுதான் கண்ணைத் திறந்தாராம். வலது உள்ளங்கையில் சுற்றியிருந்த துணியைப் பற்றிக் கேட்டதும், முட்டைகளைப் புதைக்கக் குழி வெட்டியதில் கொப்புளம் என்றார்.

"மண்வெட்டி பிடிச்சா ரெண்டு கையும்ல கொப்புளிக்கும்" என்று சைலன்சர் முணுமுணுத்தான். இன்ஸ்பெக்டரம்மா கேட்காதவர் போல மெஷின்கள் பக்கம் நடந்தார்.

கிருமிநாசினி வாசனை வீசும் நீளமான அறை. கழுவிவிட்ட சிமெண்ட் தரை. சுவரோரம் ஆளுயர பீரோக்கள் மாதிரி மூன்று மெஷின்கள், புயலன்று நின்றவை நின்றபடியே. உள்ளே காலித் தட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. இன்ஸ்பெக்டரம்மா ஒவ்வொன்றின் முன்னாலும் தலையைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மூன்றாவது மெஷினைப் பார்த்து முடித்ததும் கதவைச் சாத்தும் பொறுப்பு சைலன்சருடையது. சாத்தினான். கதவு பாதியில் சிக்கி, சட்டென்று இறங்கி, அவன் ஆள்காட்டி விரலைக் கவ்விக்கொண்டது.

"தூக்கி மூடணும். கீல் தொங்கிப்போச்சு" என்றார் பொரிப்பகத்துக்காரர்.

"ரெண்டு திருகாணி வேலைங்க இது. கொடுங்க, நானே போட்டுத் தர்றேன்."

"வேண்டாம். தொடாதீங்க."

அதுவரை அவர் பேசியதிலேயே வேகமாக வந்த வார்த்தை அதுதான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, அந்த மெஷின் தானும் தன் மனைவியும் சேர்ந்து பழைய சாமானாக வாங்கிப் பழுது பார்த்தது என்றார். மனைவியோடு இப்போது பேச்சுவார்த்தை இல்லை, தலாக் ஆகி ஐந்தாறு வருடம் ஆகிறது என்றும் சொன்னார்.

பின்னால் கொட்டகையில் ஜெனரேட்டர் இருந்தது. பிடியைச் செருகி இடது கையால் ஒரே சுற்று சுற்றினார். உடனே பிடித்துக்கொண்டு ஓடியது. "பாருங்க. வண்டில ஒரு குறையும் இல்ல. குறை என்கிட்டதான்."

சைலன்சர் விரலை வாயில் வைத்துக்கொண்டே குனிந்து பார்த்தான். பழைய மெக்கானிக் கண் அவனுக்கு இன்னும் போகவில்லை.

வெளியே காரில் ஏறியதும் இன்ஸ்பெக்டரம்மா கேட்டார். "என்ன பார்த்தே?"

"மொத்த ஜெனரேட்டரும் கரி பிடிச்ச சமையல்கட்டு மாதிரி இருக்குக்கா. நடுவுல டீசல் பம்ப் மட்டும் புதுமாப்பிள்ளையா உக்கார்ந்திருக்கு. பெயிண்ட் மேல ஒரு சொட்டுக் கறை இல்ல. புயலுக்கு அப்புறம் மாட்டினது."

"நான் தட்டைப் பார்த்தேன். முட்டை ஒரே பக்கமா கிடந்தா உள்ளே கரு ஓட்டோட ஒட்டிக்கும். அதனால தட்டை இப்படியும் அப்படியும் சாய்ச்சுக்கிட்டே இருக்க ஒரு மோட்டார். ஒரு மெஷினுக்கு ஒரே மோட்டார், எல்லாத் தட்டும் ஒண்ணாத்தான் சாயும். மூணாவது மெஷின்ல மேல் பாதி இடது பக்கம், கீழ் பாதி வலது பக்கம்."

சைலன்சர் ஒரு கணம் யோசித்தான். "கையால திருப்பியிருக்கார். ஒவ்வொரு தட்டா."

"ராத்திரி பூரா. ஜெனரேட்டர் பிடியைச் சுத்திச் சுத்திக் கை கிழிஞ்ச பிறகு, இருட்டுல மூணு மெஷினையும் மாத்தி மாத்தித் திருப்பியிருக்கார். உள்ளே குளிர்ந்துபோச்சுன்னு தெரிஞ்சதும் பாதியில விட்டுட்டார்."

"தூங்கினேன்னு சொல்றாரே."

"அதைத்தான் கண்டுபிடிக்கணும். தூங்காத மனுஷன் ஏன் தூங்கினேன்னு சொல்றார்?"

ஊரில் ஜெனரேட்டர் உதிரிபாகம் விற்பது ஒரே கடை. கடைக்காரருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. புயலுக்கு மறுநாள், ஷட்டரைப் பாதி தூக்கும்போதே பொரிப்பகத்துக்காரர் முழங்கால் சேற்றோடு வந்து நின்றாராம். சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு போனாராம். பேரம் பேசாமல் வாங்கின ஆளை மறக்க முடியுமா என்றார். பழைய பம்பை எடைக்குப் போடும் டப்பாவில் போட்டுவிட்டுப் போயிருந்தார். சைலன்சர் அதைத் தோண்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். உள்ளே தண்டு இரண்டாக முறிந்திருந்தது. முறிந்த இடத்தின் நடுவில் பொடிப்பொடியாய்ப் பொத்தல்.

"வார்ப்புலயே ஓட்டை. எண்ணெய் பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு. குழந்தையைக் குளிப்பாட்டற மாதிரி வெச்சிருந்திருக்கார். இது என்னிக்கு முறியும்னு அந்த ஆண்டவனுக்கும் பம்புக்கும்தான் தெரியும்." துணியில் சுற்றிக்கொண்டே சேர்த்துச் சொன்னான். "குத்தத்தை மறைக்கக் காசு செலவு பண்றவங்களைப் பார்த்திருக்கேன்க்கா. குத்தம் பண்ணலைங்கறதை மறைக்க ஒருத்தர் செலவு பண்ணி இப்பத்தான் பார்க்கிறேன்."

நிதி நிலையம் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கியிருந்தது. மேனேஜர் கனத்த கண்ணாடிக்குப் பின்னால் எப்போதும் கவலையாகவே தெரிகிறவர். இந்த வழக்கில் அவருக்கே தூக்கம் போய்விட்டதாம். நஷ்டம் என்று வருகிறவர்கள் மழையைச் சொல்வார்கள், மார்க்கெட்டைச் சொல்வார்கள், மச்சானைச் சொல்வார்கள். தன்னைச் சொன்ன முதல் ஆள் இவர்தான் என்றார். குழுவிலிருக்கும் இஸ்லாமிய மார்க்க அறிஞரும் சந்தேகப்பட்டிருக்கிறார். தப்பு செய்யாதவன் வீட்டை எடுத்தால் அந்தக் காசு நமக்கு நெருப்பு, நன்றாக விசாரியுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

இவர்கள் ஒப்பந்தத்தில் தூங்கினால் என்ன, விழித்திருந்தால் என்ன வித்தியாசம் என்று இன்ஸ்பெக்டரம்மா கேட்டார்.

மேனேஜர் விளக்கினார். இது கடன் இல்லை, கூட்டு. முளாரபா என்று பெயர். ஒட்டகத்தில் சரக்கு ஏற்றிப் போன காலத்திலிருந்தே இருக்கிற ஏற்பாடு. ஊரில் இருக்கிறவர் பணத்தைப் போடுவார், பாலைவனத்தைக் கடக்கிறவர் உடம்பைப் போடுவார். லாபம் வந்தால் பேசி வைத்த விகிதத்தில் இருவருக்கும். நஷ்டம் வந்தால் பணம் போட்டவருக்குப் பணம் போச்சு, உழைத்தவருக்கு உழைப்பு போச்சு. ஒருவர் இன்னொருவரைப் பிடித்து உலுக்க முடியாது. சொத்து அடமானம் வைக்க முடியாதவர்கள் நூறு பேர் இந்த ஊரில் லேத் பட்டறையும் ரொட்டி அடுப்பும் வைத்து முதலாளியானது இப்படித்தான் என்றபோது மட்டும் அவர் முகத்தில் கவலை கொஞ்சம் விலகியது.

"உழைக்கிறவர் அஜாக்கிரதையா இருந்து நஷ்டம் வந்தா?"

"அப்ப மட்டும் பணத்தை அவர் திருப்பிக் கொடுத்தாகணும். அவ்வளவுதான் வித்தியாசம். தூங்கினார்னா வீடு போகும். தூங்கலைன்னா நஷ்டம் பணம் போட்டவரோடது."

"அவரா இஷ்டப்பட்டுக் கொடுக்கலாமே?"

"கொடுக்கலாம். அது அன்பளிப்பு. பணம் போட்டவர் வேண்டாம்னா திணிக்க முடியாது. தப்புக்கு ஈடுன்னா அது உரிமை. நாங்களே வசூல் பண்ணிச் சேர்த்துடுவோம்."

இன்ஸ்பெக்டரம்மா நாற்காலியில் சற்று முன்னால் நகர்ந்தார். அந்தப் பணம் நிலையத்தின் பொதுப்பணமா என்று கேட்டார். இல்லை என்றார் மேனேஜர். ஒரே ஒருவர், இந்தப் பொரிப்பகத்துக்கு மட்டும் என்று குறித்துக் கொடுத்தது. பெயர் சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. தொழிலைப் பார்க்க வாருங்கள் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டும் அந்த ஆள் வந்ததே இல்லை.

"ஆனா அக்கறையான ஆளு" என்று மேனேஜர் தானாகவே சேர்த்துக்கொண்டார். "லாபப் பங்கு வாங்க வரும்போதெல்லாம் ஒரே கேள்வி. மூணாவது மெஷின் கதவைச் சரி பண்ணியாச்சான்னு. நானும் போய்க் கேப்பேன். இன்னும் இல்லைன்னு சொல்லுங்கம்பார். அதையும் வந்து சொல்வேன். பங்காளிகளுக்கு நடுவுல ஒளிவுமறைவு கூடாதில்ல?"

சைலன்சரின் விரல் விண்ணென்று தெறித்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் மேசைக்கடியில் அவன் காலை இன்ஸ்பெக்டரம்மா மிதித்தார்.

தெருவுக்கு வந்த பிறகுதான் பேசினார்கள். அந்தக் கதவு எனக்குத் தெரிந்ததே கை நசுங்கியதால்தான், ஒரு நாளும் அந்த வாசலை மிதிக்காத ஆளுக்கு எப்படித் தெரியும் என்றான் சைலன்சர். மிதிக்காத ஆள் இல்லை, ஐந்தாறு வருடத்துக்கு முன்பு வரை தினமும் தூக்கி மூடின ஆள் என்றார் இன்ஸ்பெக்டரம்மா. பெயரை மறைத்துக் கொடுத்தவர் கேள்வியை மறைக்காமல் விட்டுவிட்டார். மேனேஜரோ நேர்மையாக அதைச் சுமந்துகொண்டு இங்கும் அங்கும் நடந்திருக்கிறார். முதல் தடவை கேட்டபோதே பொரிப்பகத்துக்காரருக்குப் புரிந்திருக்கும், தன் தொழிலில் ஓடுவது யார் பணம் என்று.

முட்டை ஏற்றும் வண்டிக்காரரிடம் விசாரித்ததில் பொரிப்பகத்துக்காரரின் முன்னாள் மனைவி வேலை செய்யும் இடம் கிடைத்தது.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்க அறை. தண்ணீர் சொட்டும் சாணைச் சக்கரத்தில் அவர் ஒரு லென்ஸின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்களில் வெள்ளைத் தூள். வந்தது யார், எதற்கு என்று கேட்டதும் சக்கரத்தை நிறுத்தினார்.

இன்ஸ்பெக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. முறிந்த பம்ப், அரைகுறையாகத் திரும்பிய தட்டுகள், தூங்கியதாகச் சொன்ன பொய், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். அந்தப் பெண்மணி லென்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார். துடைக்க ஒன்றும் மிச்சமில்லாத பிறகும் துடைத்தார்.

"கைக்கு என்ன ஆச்சு அவருக்கு?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

கொப்புளம்தான், ஆறிவிடும் என்றார் இன்ஸ்பெக்டரம்மா. பணத்தைப் பற்றிக் கேட்டதும் அந்தப் பெண்மணி மெதுவாகச் சொன்னார். அது அவருடைய மஹர். கல்யாணத்தின்போது கொடுப்பதாக எழுதின தொகை, பிரியும்போது கணவர் தன் தோட்டத்தை விற்று முழுசாகக் கொடுத்தது. அந்தப் பணத்தை வேறு எங்கும் போட அவருக்கு மனம் வரவில்லை.

இன்ஸ்பெக்டரம்மா தன் குரலைச் சமமாக வைத்துக்கொண்டு நிலைமையைச் சொன்னார். உள்ளது உள்ளபடி அறிக்கை கொடுத்தால் அந்தப் பணம் முழுக்கப் போய்விடும். பொரிப்பகத்துக்காரர் சொல்லும் பொய் நின்றால் வீட்டை விற்று ஒரு காசு குறையாமல் வந்துவிடும்.

கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கிக்கொள்ளுங்கள், அவர் ஆசையும் அதுதானே என்று சைலன்சர் நினைத்தான். அவன் சொல்லவில்லை. அவனுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

"எங்களுக்கு ஒரு பையன் இருந்தான்" என்றார் அந்தப் பெண்மணி. "குஞ்சு வெளியில வர்ற நாள் அது. இவர் மெஷின்கிட்ட, நான் பையன்கிட்ட. காய்ச்சல். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுபோச்சு. டாக்டரே சொன்னார், யாரு பக்கத்துல இருந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு. இவர் காதுல ஏறல. என் தப்பு, நான் வந்திருக்கணும், என் தப்பு. அதையே சொல்லிக்கிட்டு ஒரு மூலையில உக்கார்ந்துட்டார். பக்கத்துல போய் உக்கார்ந்தா எழுந்து போயிடுவார். முழுசா அவரே எடுத்துக்கிட்டாருங்க. எனக்கு அழறதுக்குக்கூட ஒரு பங்கு விட்டு வைக்கல."

முன்பக்கம் யாரோ வாடிக்கையாளர் எழுத்துப் பலகையைப் பார்த்துக் கீழ்வரியைத் தப்புத்தப்பாய்ப் படித்துக்கொண்டிருந்தார்.

"லாபம் வந்தப்ப வாங்கிக்கிட்டேன். நஷ்டம் வரும்போது அவர் வீட்டை வித்து நான் வாங்கினா, அதுக்குப் பேர் என்ன? நான் அவருக்கு யாரு, வட்டிக்காரியா?" அவர் குரல் உயரவில்லை. "உள்ளதை எழுதுங்க. இந்தத் தடவையாவது என் பங்கை என்கிட்ட விடச் சொல்லுங்க."

லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஓரத்தில் விழுந்திருந்த கீறல் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அதைத் தனியே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டு சக்கரத்தை ஓட்டினார்.

மறுபடியும் பொரிப்பகத்துக்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. வழியெல்லாம் சைலன்சர் ஒரு வார்த்தை பேசவில்லை. உடம்பு சரியில்லையா என்று இன்ஸ்பெக்டரம்மா இரண்டு தடவை கேட்டார்.

துணியைப் பிரித்து முறிந்த பம்பை மேசை மேல் வைத்ததும் பொரிப்பகத்துக்காரர் அதை அடையாளம் தெரியாதது போலக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"எழுதாதீங்கம்மா. உங்களுக்கு என்ன நஷ்டம்? நானே ஒத்துக்கறேன்ல. வீடு போனா இந்த ரூம்ல ஒரு பாயைப் போட்டுப் படுத்துக்குவேன். அவளோட மஹர் அது. அன்பளிப்பா நீட்டினா வாங்கமாட்டா. அதுக்குத்தான் தப்புன்னு சொன்னேன்."

"எழுதியாச்சு" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "அவங்களுக்கும் தெரியும்."

அவர் நிமிர்ந்தார்.

அந்தப் பெண்மணி சொன்னதை இன்ஸ்பெக்டரம்மா கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னார். அழுகையில்கூடப் பங்கு விடவில்லை என்ற இடத்தில் அவர் கையை உயர்த்தி நிறுத்தப் பார்த்தார். பாதியில் கை தானாக இறங்கிவிட்டது. வட்டிக்காரியா என்ற இடத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் மட்டும் தெரிந்தன.

சைலன்சர்தான் கேட்டுவிட்டான். "அந்தக் கதவை ஏங்க இத்தனை வருஷமா சரி பண்ணல? ரெண்டே திருகாணி."

சுவரைப் பார்த்தபடியே அவர் பதில் சொன்னார்.

"பண்ணிட்டா மேனேஜர் போய், ஆச்சுன்னு சொல்லிடுவார். அப்புறம் அவ என்னைப் பத்திக் கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

இன்ஸ்பெக்டரம்மா கைப்பையை மூடினார். நாளைக் காலை குழு கூடும். வீடு இவருக்கே மிஞ்சும், மெஷின்கள் மிஞ்சும், பெயர் மிஞ்சும். முதல் போனதால் கூட்டு முடியும். லாபப் பங்கு வாங்க இனி யாரும் அந்த மாடிப்படிக்குக் கீழே வரப்போவதில்லை. இதெல்லாம் பொரிப்பகத்துக்காரருக்கும் தெரிந்திருந்தது. இருந்தாலும் கேட்டார்.

"இன்னிக்கு... கதவைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

இன்ஸ்பெக்டரம்மா பொய் சொல்லத் தெரியாதவர் இல்லை. சேதத்தை மதிப்பிடும் வேலையில் எத்தனையோ பேருக்கு இதமாகச் சொல்லிப் பழகியவர். சைலன்சர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல. கேக்கல."

பொரிப்பகத்துக்காரர் தலையை ஆட்டினார்.

"கைக்கு என்ன ஆச்சுன்னு கேட்டாங்க" என்றான் சைலன்சர் அவசரமாக. "அதைத்தான் முதல்ல கேட்டாங்க."

பொரிப்பகத்துக்காரர் துணி சுற்றிய உள்ளங்கையை, அது வேறு யாருடையதோ என்பது போல, விரித்துப் பார்த்தார். பிறகு எழுந்து போய் அலமாரியிலிருந்து திருப்புளியை எடுத்துவந்தார். மூன்றாவது மெஷினுக்கு முன்னால் மண்டியிட்டார். ஒரு கையால் கதவைத் தூக்கியபடி மறு கையால் திருகாணியை வைக்கப் பார்த்தார். சைலன்சர் போய், யாரும் சொல்லாமலே, கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். முதல் திருகாணி ஏறியது. இரண்டாவது துரு பிடித்துச் சற்று முரண்டு பண்ணிவிட்டு ஏறியது.

அவர் எழுந்து ஒற்றை விரலால் கதவைத் தள்ளினார். சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது.

திறந்தார். தூக்கிப் பழகிய கை தன்னையறியாமல் கதவின் அடிப்பக்கத்துக்குப் போனது. அங்கே தூக்குவதற்கு ஒன்றும் இல்லை.